நான் செய்த மரக்கலம்

எங்கள் ஊராகிய மீஞ்சூர்க்குக் கிழக்கே, எண்ணூர்க் கடற்கரையில் காமராசர் துறைமுகம் அமைந்துள்ளது. 2001 ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் அத்துறைக்கு நிலக்கரி சுமந்த பெரிய இரும்புக் கப்பல்கள் வருகின்றன. பாய் விரித்து வரும் மரக்கலங்களின் காலமோ கழிந்துவிட்டது.

ஒரு நாள் என் பெயர்த்தி, "தாத்தா, கூம்பு என்றால் என்ன?" என்று வினவினாள். "பாய்மரம், அம்மா" என்றேன். "அது கப்பலில் எங்கே நிற்கும்? எதன்மேல் ஊன்றியிருக்கும்?" என்றாள். நான் விடை கூற அறியாது விழித்தேன். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த நான், சொல்லுக்குச் சொல் தந்தேனேயன்றிப் பொருளைக் கண்டேன் அல்லேன். ஆதலின், பாய்க்கப்பல் ஒன்றின் மாதிரியை என் கையாலேயே செய்யத் துணிந்தேன்.

எக்கப்பலைச் செய்வது? 'அன்னபூரணி' என் நினைவிற்கு வந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய கப்பல் அது. அமெரிக்கர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் துணைசெய்ய, 1938 ஆம் ஆண்டில் அது அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, அமெரிக்க நாட்டுக் குளோசெஸ்டர் துறையை அடைந்தது. அதன் நீளம் 89 அடி. அடிக்குக் கால் அங்குலமாக அளவு வகுத்தேன். என் கப்பல் 22 அங்குலத்திற்குச் சற்றே மிகுந்தது.

கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரம் 'ஏரா' எனப்படும். அதன்மேல் விலா எலும்புகள் போல 'வங்கு'களை வரிசையாக நிறுத்தினேன். பின்னர் மெல்லிய தேக்குப் பட்டையை வளைத்தேன். அது படீரென ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. பழவேற்காட்டில் படகு கட்டிப் பழகிய தச்சர் ஒருவர் அதனைக் கண்டு நகைத்து, "ஐயா, மரத்தை அதட்டினால் கேட்காது, வெந்நீரில் ஊற வைத்துக் கேளுங்கள்" என்றார். அவ்வாறே செய்தேன், பட்டை பணிந்து வளைந்தது. மாணவரையும் அங்ஙனம் கனிவித்து வளைத்திருக்கலாமே என்று அன்று எண்ணினேன்.

மேல்தளம் இடுமுன், நீர் கசிகின்றதா எனக் காண, கப்பலை ஒரு தொட்டியில் மிதக்கவிட்டோம். பெயர்த்தி தொட்டியின் நடுவே மணலைக் குவித்து, "இது முகத்துவாரம்" என்றாள். வெறுங்கப்பல் மணலைக் கடந்து எளிதிற் சென்றது. அவள் உள்ளே கூழாங்கற்களை நிரப்பினாள். கப்பல் தாழ்ந்து, மணலில் தட்டி நின்றுவிட்டது. சில கற்களை எடுத்ததும் மீண்டும் நகர்ந்தது. "எங்கள் முகத்துவாரத்திலும் இதே கதைதான், ஐயா. மணல் மேடிட்டால் சுமை ஏற்றிய படகு தட்டும்" என்றார் தச்சர்.

எனக்கு மெய் சிலிர்த்தது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 30 ஆம் பாட்டாக உள்ளது. பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலம் புகார்த் துறையிற் புகுந்தது என்று அதில் கூறுகின்றார். அப்பாட்டைப் பல்லாண்டு கற்பித்தேன். உரையும் பிழையின்றிக் கூறினேன். ஆயினும், காவிரியின் கழிமுகம் எத்துணை ஆழமுடையதாயின் அது கூடும் என்னும் வியப்பை, அத்தொட்டியின் அருகிலேதான் உணர்ந்தேன்.

பின்னர்த் தளமிட்டு, அதனூடே ஏராவின்மேல் ஊன்றுமாறு இரு கூம்புகளை நாட்டினேன். முன் கூம்பில் 'பருமல்' என்னும் குறுக்குக் கழிகளைப் பிணித்தேன். பழைய வேட்டி பாயாயிற்று; தேயிலை நீரில் தோய்த்த நூல் கயிறாயிற்று. கப்பலின் வயிற்று வளைவிற்கு ஏற்பக் குடைந்த இரு தாங்கிகளின்மேல் அதனை அமர்த்தி, தூசு படியாவண்ணம் கண்ணாடிப் பேழையுள் வைத்தேன்.

இன்று அது நான் பணிபுரிந்த பள்ளியில் உள்ளது. அதன்கீழ் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் பெயர்த்தி எழுதி வைத்துள்ளாள். மாணவர்களே! நூலில் ஒரு பொருளின் பெயரைக் கண்டால், அப்பொருளையும் தேடிக் காணுங்கள். இயலுமாயின் கையால் செய்து பாருங்கள். நா அறிந்த சொல்லைக் கையும் அறியும்போதே கல்வி நிறைவுறுகின்றது.