என் நால்வர்

எலும்புக்கென்றே ஓர் ஆண்டவன் எங்கள் ஊரில் இருக்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். அங்குள்ள திருமாகறலீசுவரர் கோயில், சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். வேண்டிக்கொண்டால் முறிந்த எலும்பு கூடும், முடங்கிய மூட்டு நிமிரும் என்ற நம்பிக்கையோடு தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். அந்தக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன் நான். என் வலக் கணுக்காலோ, இளமையில் முறிந்து, கோணலாகக் கூடி, முப்பது ஆண்டுகள் என்னை நொண்ட வைத்தது. சென்ற ஆண்டு அறுவை மருத்துவத்தால் அந்த மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்திக்கொண்டேன். இன்று நடக்கிறேன். தெருவிலே காண்போர், "எல்லாம் ஈசுவரன் அருள்!" என்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள், ஆகவே கோபம் எழவில்லை. கேள்விதான் எழுகிறது: இந்த நடைக்கு நன்றி யாருக்கு உரியது?

வள்ளுவர் விடை வைத்திருக்கிறார். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்று எண்ணிச் சொன்னார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். எண்ணிக்கை அத்துடன் முடிந்தது. ஐந்தாவதாக ஆண்டவனை அவர் சேர்க்கவில்லை. நால்வர் என்றவுடன் தேவார திருவாசக நால்வரை எண்ணிக் கைகூப்பும் நாடு இது. என் நால்வர் வேறு.

முதலில் மருத்துவர். இடுப்பும் முழங்காலும் பெரும்பாலும் முதுமையிலே தேயும்; கணுக்கால் மூட்டோ, பெரும்பாலும் பழைய காயத்தாலே கெடும். குருத்தெலும்பு அழிந்து எலும்போடு எலும்பு உரசும்போது, அடி ஒவ்வொன்றும் ஆணிமேல் வைத்த அடியாகும். மருத்துவர் என் முன் இரண்டு வழிகளை வைத்தார். திருகாணி கொண்டு எலும்புகளை ஒன்றாக இறுக்கிவிடலாம். வலி போகும், கூடவே அசைவும் போகும். மூட்டை மாற்றலாம், அசைவு தங்கும், ஆனால் பின்னொரு நாள் அது தேய்ந்து மறுபடியும் கத்தி தேவைப்படலாம். "எது வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்" என்றார். வரம் தருவதாக அவர் வாக்களிக்கவில்லை. நன்மை இவ்வளவு, ஆபத்து இவ்வளவு என்று எடுத்துரைத்தார். அறிவுள்ளவனாக என்னை மதித்தார்.

இரண்டாவது மருந்து. என் காலிலே இருப்பது உலோக உறுப்பு இரண்டு, நடுவே பாலிஎத்திலீன் துண்டு ஒன்று. இது வானத்திலிருந்து விழவில்லை. 1970இல் பிரான்சு நாட்டிலே லார்டு, மரோத் என்ற இரு மருத்துவர்கள் செயற்கைக் கணுக்கால் மூட்டைப் பொருத்திப் பார்த்தனர். பொருத்தியவை 25, தோற்றவை 12. மூடி மறைத்தார்களா? இல்லை! எழுதி அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தார்கள். அந்தத் தோல்வியைப் படித்தவர்கள் வடிவத்தை மாற்றினார்கள். மீண்டும் தவறினார்கள், மீண்டும் திருத்தினார்கள். கோயிற் சுவர்களிலே விளக்கெரிக்க விட்ட ஆடு எத்தனை, எழுதி வைத்த நிலம் எத்தனை என்ற கணக்கு உண்டு. வேண்டி வந்தவர் எத்தனை பேர், குணமாகாமல் திரும்பியவர் எத்தனை பேர் என்ற கணக்கு எந்தச் சுவரில் உண்டு? தன் தோல்வியை எண்ணத் துணிந்த அறிவுதான் என் காலுக்கு மூட்டுத் தந்தது.

மூன்றாவது நோயாளி. ஆம், நானே! கட்டிலில் கிடப்பவனுக்கும் கடமை உண்டு. கணுக்காலின் முன்புறத் தோல் மெல்லியது. புகைப்பவருக்கு இரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாது. ஆகவே புகைப்போர் முன்னதாகவே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோய் அடங்கியிருக்க வேண்டும். கால் நன்றாக இருக்கும்போதே ஊன்றுகோலில் நடக்கப் பழக வேண்டும். தரையில் படுப்பவருக்குக் கட்டில் வேண்டும். குந்தும் கழிப்பிடத்துக்கு மாற்றாக நாற்காலி வேண்டும். அறுவைக்குப் பின், காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துக் கிடந்தேன். இரத்தம் உறையாதிருக்க ஊசி. இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பு. ஆறு வாரம் அந்தப் பாதம் மண்ணைத் தொடக்கூடாது என்பது கட்டளை. மண்டல விரதம் என்று 48 நாள் காக்கத் தெரிந்த நாட்டிலே, காரணம் தெரிந்து 42 நாள் காப்பது கடினமா? அதன் பிறகு பயிற்சி. வீக்கம் பல மாதங்கள் நீடித்தது. கோலூன்றித் தெருவில் இறங்க நாணம் வந்தபோது பெரியாரை எண்ணினேன். தொண்ணூற்று நான்கு வயதிலே, மூத்திரக் குழாயும் சட்டியும் சுமந்து மேடையேறியவர் அவர். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராயர் நகரில் இறுதிப் பேருரை ஆற்றினார். ஐந்தாம் நாள் வேலூரில் மறைந்தார். அவருக்கு இல்லாத நாணம் எனக்கு எதற்கு?

நான்காவது, அருகிருந்து பணி செய்பவர். குறள் அவரை ஆண்பாலில் சொல்கிறது. நம் வீடுகளிலோ அவர் எப்போதும் பெண்பால்! மருத்துவமனையிலே புண்ணைத் துடைத்த செவிலியின் சாதியை எவரும் கேட்கவில்லை. ஊரிலே தொட்டால் தீட்டு என்போரும், அங்கே தொட்டால்தான் உயிர் என்று கிடந்தார்கள். வீடு திரும்பியதும் என் துணைவி தன் கூலி வேலையை விட்டு என் பக்கத்தில் அமர வேண்டியதாயிற்று. இழந்த கூலியை எவர் எண்ணுவார்? மகனை அழைத்தேன். "தம்பி, இன்று முதல் இரவு முறை உன்னுடையது, மலச்சட்டி எடுப்பதும் உன்னுடையது" என்றேன். முகம் சுளித்தான், மூன்றாம் நாள் பழகினான். துணைவி வேலைக்குச் சென்றாள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வந்து, பாதத்தை மேலும் கீழும் அசைக்கக் கற்பித்தார்.

தோழர்களே! நொண்டி நடந்து கோயிலுக்குப் போகிறவரைக் கண்டு நகைப்பது எளிது. அவர் அங்கே போவது, வேறு எங்கே போவதென்று தெரியாததால். தெரிந்தாலும் உடன்வர ஆள் இல்லாததால். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காப்பீட்டு அட்டைக்கு மனு எழுதிக் கொடுங்கள். ஓர் இரவு அவர் கட்டிலருகே விழித்திருங்கள். வள்ளுவர் சொன்ன நான்காவது இடம் வீட்டுக்கு வீடு காலியாகக் கிடக்கிறது. அல்லது ஒரு பெண்ணின் தோளில் மட்டும் சுமத்தப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் நாம் சென்று நின்றால், ஐந்தாமவரைத் தேடும் தேவை எவருக்கும் இராது.