மலைக்கு ஏற்ற பழைய போன்

நம் ஜவ்வாது மலையில் இப்போது போன் இல்லாத வீடு அரிது. ஆனால் கடையில் புதுசாக வாங்குகிறவர்கள் குறைவு. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் புதுசு வாங்கியதும் பழையது அப்பாவுக்கு வரும். இல்லாவிட்டால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கும்போது செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி வருவோம். ஓய்வு பெற்றபின் என்னைத் தேடி வந்த வேலைகளில் ஒன்று, இந்தப் போன்களைப் பார்த்து "வாங்கலாம், வேண்டாம்" என்று சொல்வது.

எல்லோரும் கேட்பது கேமரா எப்படி, எத்தனை ஜி.பி. என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்க வீட்டுத் திண்ணையில இது டவர் எடுக்குமா?" காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். கண்ணுக்கே தெரியாத நட்சத்திரத்தையும் அது பிடித்துவிடுகிறது. நம் கைப்போனோ ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், டவரை விட்டுவிடுகிறது. கீழே கடையில் நான்கு கோடு காட்டும் போன் மேலே வந்து ஊமையாகலாம். அதனால் உங்கள் சிம்மையே போட்டுப் பேசிப் பாருங்கள். "ரெண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன், எடுக்காவிட்டால் திருப்பித் தருவேன்" என்று பேசி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். ஜியோ சிம் 4ஜி போனில்தான் வேலை செய்யும். பழைய 3ஜி போனை மலிவாகக் கொடுத்தால் அதில் ஜியோ வராது.

அடுத்து, அது திருட்டுப் போனா என்று பார்க்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். அது 2023 மே மாதம் தொடங்கியது. முடக்கப்பட்டது என்றோ, ஒரே எண் பல போன்களில் இருக்கிறது என்றோ பதில் வந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். உங்கள் போன் தொலைந்தால் முடக்கி வைப்பதற்கும் அதே தளம்தான். எண்ணை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நல்ல போன் என்று வாங்கி வந்தார். உள்ளே முதல் சொந்தக்காரரின் கூகுள் கணக்கு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கப் பார்த்தால், அந்தப் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. விற்றவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கொடுத்த காசு போனதுதான். அதனால் பழைய கணக்கை எடுத்துவிட்டு, உங்கள் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள். ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்றும் கேளுங்கள். 2025 தொடக்கத்திலிருந்து 5-க்குக் கீழே உள்ளதில் வாட்ஸப் ஓடாது. பேங்க் ஆப்கள் அதைவிடப் புதிதாகக் கேட்கும்.

பேட்டரி விஷயத்தில் நம் மலைக்குத் தனிக் கணக்கு. டவர் தூரமாக இருந்தால் போன் அதிக சக்தியோடு கத்த வேண்டியிருக்கிறது. டவரே இல்லாவிட்டால் ஓயாமல் தேடுகிறது. கீழே மாலைவரை தாங்கும் அதே போன் இங்கே மதியத்துக்குள் படுத்துவிடுவது அதனால்தான். பேட்டரி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். டவர் சுத்தமாக இல்லாத காட்டுப் பாதையில் ஃபிளைட் மோடில் போட்டு வையுங்கள். அங்கே எப்படியும் அழைப்பு வராது. வெயிலும் சூடும் பேட்டரிக்கு எமன். அடுப்பு மேடையில், பஸ் டேஷ்போர்டில் வைக்க வேண்டாம். பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள், குத்திப் பார்க்காதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடியது.

டேட்டாவுக்கு வருவோம். தினம் 1.5 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்துவிட்டு, டவர் இல்லாததால் கால்வாசிகூட செலவாகாதவர்கள் நம்மில் பலர். மிச்சம் நள்ளிரவோடு போய்விடும், நாளைக்கு வராது. பேசவும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி ரீசார்ஜ் கொடுக்க வேண்டும் என்று டிராய் அமைப்பு 2024 டிசம்பரில் விதி போட்டது, கம்பெனிகளும் கொண்டுவந்திருக்கின்றன. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். "டேட்டா இல்லாத பேக் இருக்கா?" என்று நாம்தான் கேட்க வேண்டும்.

"இடம் இல்லை" என்று போன் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் காலை வணக்கப் படங்கள். வாட்ஸப் செட்டிங்ஸில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், டேட்டாவும் மிச்சமாகும். 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனால் எந்த வீடியோ எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். கேலரியில் அழித்த படம் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் வரும்.

ஆனால் மொத்தமாக அழிக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இடம் பண்ணிக் கொடுங்கள் என்று ஒருவர் போனைக் கொண்டுவந்தார். உருப்படாத வீடியோக்களுக்கு நடுவே ஒரு குரல் பதிவு: "சாமை அரிசி தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க." பேசியவர் அவர் மனைவி. இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய குரல் வேறெங்கும் இல்லை. அதை மகளுக்கும் அனுப்பி, மெமரி கார்டிலும் ஏற்றிய பிறகுதான் மற்றதைத் தொட்டேன். வேண்டியதை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு அழியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்மார்ட்போன் வந்துவிட்டது என்று பட்டன் போனைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை சார்ஜ் போட்டால் சில நாள் தாங்கும். அதில் வேலை செய்யும் சிம் ஒன்றைப் போட்டு, திண்ணையில் டவர் எடுக்கும் மூலையில் வையுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய், ஸ்மார்ட்போனும் அணைந்து, வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் 108-ஐ அழைக்க அதுதான் இருக்கும். உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 போக வாய்ப்புண்டு. இந்த இரண்டு எண்களையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.