துளசேந்திரபுரமும் நம்ம காடேக்கும்

 

கந்த சஷ்டி நாலாம் நாள் வேலை முடிஞ்சு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துட்டு இதை எழுதுறோம். நாளைக்கு, 2025 அக்டோபர் 26, ஆசியான் மாநாட்டுக்காக அமெரிக்க அதிபர் ட்ரம்ப் கோலாலம்பூர் வர்றார். மறுநாள் திங்கட்கிழமை நமக்குச் சூரசம்ஹாரம். "ரெண்டும் அடுத்தடுத்த நாள்ல வருதே, கவனிச்சீங்களா?"ன்னு காய் வெட்டிக்கிட்டிருந்த தம்பி ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். சிரிப்பு அடங்கினதும் போன வருஷச் சஷ்டி ஞாபகம் வந்துடுச்சு. அதை இங்கே சொல்லியாகணும்.

2024-ல் சஷ்டி நவம்பர் 2-ல் ஆரம்பம், 7-ல் சூரசம்ஹாரம். அமெரிக்காவில் ஓட்டுப்போடும் நாள் நவம்பர் 5. அதனால அந்த வாரம் முழுக்க நம்ம மடப்பள்ளியில் பூசணிக்காயோட சேர்த்து கமலா ஹாரிஸையும் ட்ரம்பையும் நறுக்கிக்கிட்டு இருந்தோம்.

அக்காமார் எல்லாம் கமலா பக்கம். அவங்க தாத்தா பி.வி. கோபாலனின் ஊர், மன்னார்குடிக்குப் பக்கத்துல இருக்கிற துளசேந்திரபுரம். அம்மா சியாமளா 1958-ல், 19 வயசுல, படிக்கிறதுக்காகத் தனியா அமெரிக்கா போனவங்க. அந்த ஊர் தர்ம சாஸ்தா கோயில்ல நன்கொடை கொடுத்தவங்க பேரைச் செதுக்கின கல்லுல கமலா பேரும் இருக்கு. ஓட்டு நாளன்னைக்கு அங்கே அபிஷேகம் செஞ்ச படத்தை அக்கா ஒருத்தர் போன்ல காட்டினாங்க. 2020-ல் துணை அதிபர் வேட்பாளரா மேடையில நின்னப்போ "சித்தி"ங்கிற சொல்லைச் சொன்னாங்களே, அதையும் மறக்காம சொன்னாங்க. நம்ம தேங்காய் துருவுற பாட்டிக்குக் கண் கலங்கிடுச்சு. "எங்க தாத்தாவும் தஞ்சாவூர்ப் பக்கத்துலேர்ந்துதான் கப்பல் ஏறினாரு. அவரு பால்மரம் சீவ வந்தாரு, அந்தம்மா படிக்கப் போனாங்க. மண்ணு ஒண்ணுதானே"ன்னாங்க.

லோரி ஓட்டுற அண்ணன் விடல. "தீபாவளி அன்னைக்கு ட்ரம்ப் என்ன எழுதினாரு, படிச்சீங்களா? வங்காள தேசத்துல இந்துக்களை அடிக்கிறதைக் கண்டிச்சாரு. நம்ம சாமியைக் கும்பிடுறவங்களுக்காக வாய் திறந்தது யாரு? கமலா போறது சர்ச்சுக்கு!"

"அவங்க எந்தக் கோயிலுக்குப் போனா என்ன? தீபாவளிக்கு வீட்டுல விளக்கேத்துறாங்கல்ல?" இது அக்கா.

இன்னொரு அக்கா காஸாவை இழுத்தாங்க. "பக்கத்து வீட்டு மக்சிக் சொல்றாங்க, ரெண்டு பேருமே இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்கிறவங்கதான், இதுல என்ன சண்டைன்னு." கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

அப்போதான் அந்தத் தம்பி வாயைத் திறந்தான். பத்து பெரெண்டாமில் ஒரு அமெரிக்க சில்லு ஃபேக்டரியில டெக்னீஷியன். "யாரு நம்மாளுன்னே பேசிக்கிட்டு இருக்கீங்க. வெளிநாட்டுலேர்ந்து வர்ற எல்லாப் பொருளுக்கும் 10 விழுக்காடு, 20 விழுக்காடு வரி போடுவேன்னு ட்ரம்ப் சொல்றாரு. நாங்க செய்யுற பொருள் போற இடம் அதுதான். எனக்கு வீட்டுக் கடன் இன்னும் 27 வருஷம் இருக்கு. அதைப் பத்தி யாராச்சும் பேசினீங்களா?"

இங்கே கொஞ்சம் பின்னால போகணும். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்காகச் சொல்றோம்.

2021-ல் மலாக்கா மாநிலத் தேர்தல். வேட்புமனு நவம்பர் 8. மறுநாள் சூரசம்ஹாரம். ஓட்டு 20-ஆம் தேதி. கோவிட் காரணமா கூட்டம் போடத் தடை, அதனால பிரச்சாரம் எல்லாம் வாட்சப்பிலேயே நடந்துச்சு. காடேக்கில் நம்மவங்க ரெண்டு பேர் நின்னாங்க: 2018-ல் ஜெயிச்ச ஜசெக-வின் ஜி. சாமிநாதன், ம.இ.கா.வின் பி. சண்முகம். சண்முகம் ஜெயிச்சார். அவங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. நம்ம மடப்பள்ளியிலதான் காயம் ஆறல. கணக்குப் பார்க்கிற மாமாவும் லோரி அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் நின்னு, வாட்சப்புல எழுதக்கூடாததை எல்லாம் எழுதிக்கிட்டாங்க. அதோட பேச்சு நின்னுச்சு. மூணு வருஷம் ஒரே பந்தியில பரிமாறுவாங்க, சாம்பார் வாளி கை மாறும், சொல் மாறாது.

அந்த மூணு வருஷமும் நாங்க யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு உண்டு. அவங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டாங்க? கோயில் நிலத்துக்காகவா? தமிழ்ப் பள்ளிக்காகவா? யோசிச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்லை. "உன் ஆளு", "என் ஆளு", அவ்வளவுதான்.

இப்போ மறுபடியும் 2024-க்கு வருவோம். சில்லு ஃபேக்டரித் தம்பி யாருன்னா, அந்த மாமாவோட மகன். அவன் பேசினதும் லோரி அண்ணன் கத்தியைக் கீழே வெச்சுட்டார். மடப்பள்ளி மூலையிலேர்ந்து மாமா குரல் வந்துச்சு. யாரையும் பார்க்காம கேட்டார்: "அந்த வரியை யாரு கட்டுறது? நம்ம கம்பெனியா, அங்கே வாங்குறவனா?"

எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பதில் சொல்லக்கூடியவர் அண்ணன்தான். கொள்கலன் ஏத்திக்கிட்டுப் போர்ட் கிள்ளானுக்குப் போய் வர்றவர், சுங்கத்துப் பாரமெல்லாம் பார்த்தவர். கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னார்: "அங்கே இறக்குமதி செய்யுறவன்தான் கட்டணும், மச்சான். கட்டிட்டு விலையை ஏத்துவான், இல்லேன்னா நம்மகிட்ட விலையைக் குறைக்கச் சொல்லுவான், இல்லேன்னா வேற நாட்டுல வாங்குவான். தம்பி பயப்படுறதுல நியாயம் இருக்கு."

"மச்சான்" காதுல விழுந்ததும் பாட்டி துருவுறதை நிறுத்திட்டாங்க. நாங்க யாரும் மூச்சு விடல. காய் வெட்டுறதைத் தொடர்ந்தோம்.

அடுத்த நாள், நவம்பர் 6, சாயங்காலம் விளக்கேத்துற நேரத்துல முடிவு வந்துச்சு. மொத்தம் 538 தேர்வாளர் ஓட்டு, 270 வேணும். எல்லா மாநிலமும் எண்ணி முடிச்சப்போ ட்ரம்புக்கு 312, கமலாவுக்கு 226. "இவ்வளவு வித்தியாசமா?"ன்னு பாட்டி கேட்டாங்க. ஜனங்க போட்ட ஓட்டுல அவ்வளவு வித்தியாசம் இல்லைன்னு சொன்னா நம்பல. "நம்ம ஊர்லயும் அப்படித்தானே பாட்டி. 2021-ல் தேசிய முன்னணி பாதி ஓட்டு கூட வாங்கல, ஆனா 28-ல் 21 தொகுதி கிடைச்சுதே"ன்னு தம்பி விளக்கினான். அன்னைக்கு ராத்திரி அண்டா கழுவினது மாமாவும் அண்ணனும் சேர்ந்துதான். அரசியல் பேசினாங்களான்னு தெரியாது, நாங்க கிட்டப் போகல.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2025 ஏப்ரல்ல மலேசியாவுக்கு 24 விழுக்காடுன்னார், ஜூலையில 25-ன்னு கடிதம் வந்துச்சு, ஆகஸ்டுல 19 ஆச்சு. 2025 அக்டோபர் வரைக்கும் சில்லுக்கு அந்த வரி இல்லை. தம்பி வேலை இருக்கு. ஆனா ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் அவன் முகத்தைப் பார்க்கிறோம். அண்ணனும் பார்க்கிறார். "நான் ஜெயிக்கணும்னு நெனச்ச ஆளுதான் இவனுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறாரு"ன்னு ஒரு நாள் அவரே சொன்னார்.

இதை எல்லாம் எதுக்கு எழுதுறோம்னா, அடுத்த மாநிலத் தேர்தல் தூரத்தில் இல்லை. அமெரிக்காவுல நமக்கு ஓட்டு இல்லை, கொடி கட்டுற வேலை இல்லை. அதனாலதானோ என்னவோ அங்கே நடந்ததைப் பத்தி உருப்படியா ஒரு கேள்வி கேட்க முடிஞ்சது. காடேக்குல நமக்கு ஓட்டு இருந்துச்சு, ஆனா ஒரு கேள்வியும் கேட்கல.

இந்தத் தடவை வர்ற வேட்பாளர் எந்தக் கட்சியா இருந்தாலும் கும்பிட்டு வரவேற்போம், விபூதி கொடுப்போம், சாப்பாடு போடுவோம். ஆலயத்துக்குள்ள யாருக்கும் பிரச்சாரம் கிடையாது. ஆனா வெளியே, சாப்பாட்டுக் கொட்டகையில, மூணு கேள்வி கேட்போம். தோட்டம் கைமாறி, லயம் இடிஞ்ச பிறகும் நிக்கிற நம்ம கோயிலுக்கு நிலப்பட்டா எப்போ? தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைங்க வர்றதுக்குப் பஸ் வசதி என்ன? ஃபேக்டரியில வேலை போனா நம்ம பிள்ளைங்களுக்கு என்ன வழி? பதிலை எழுதி வாங்கிச் சுவர்ல ஒட்டுவோம். இன்னும் கேள்வி இருந்தா கீழே எழுதுங்க. ஆளைத் திட்டாம எழுதுங்க.

மத்தபடி, திங்கட்கிழமை காலை 5 மணிக்கு மடப்பள்ளிக்கு ஆள் வேணும். கத்தியும் பலகையும் கொண்டு வாங்க. சாம்பார் மாமா பொறுப்பு, சோறு அண்ணன் பொறுப்பு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!