மீஞ்சூரில் ஒரு பொற்பூ

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் மீஞ்சூர் போய்ச் சேரலாம். திருவொற்றியூர் வரையில் வீடுகளும் தொழிற்சாலைகளும் நம்மோடு கூடவே வரும். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலையாறு. அப்புறம் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம். அடுத்த ஸ்டேஷன் மீஞ்சூர். ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் இங்கே கோயில் கொண்டிருப்பதால் ஊருக்கு 'வட காஞ்சி' என்றும் ஒரு பெயர் உண்டு.

தெய்வங்களுக்குக் குறைவில்லை; குறையெல்லாம் தண்ணீரில்தான். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் நல்ல ஊற்று இருந்தது. பட்டணத்தின் தாகத்துக்கும் ஆலைகளின் தாகத்துக்கும் வயல்களின் தாகத்துக்கும் சேர்த்து அதை இறைத்தார்கள். நல்ல தண்ணீர் கீழே இறங்க இறங்க, கடல் தண்ணீர் உள்ளே நுழைந்தது. 1969-ம் ஆண்டு வாக்கிலேயே அது தெரிய வந்துவிட்டது. 2010-ல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் திறந்தார்கள். மீஞ்சூரின் பெயரால் வழங்கும் அந்த நிலையத்தின் தண்ணீர் போவது பட்டணத்துக்கு!

இப்படிப்பட்ட ஊரில் வீட்டு வாசலில் என்ன செடி வைப்பது? ரோஜா வைத்தால் அதற்கென்று தனியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கவே தண்ணீரை விலை கொடுத்து வாங்குகிற குடும்பத்தில் இது நடக்கிற காரியமா? அதற்காகப் பூவே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. வட்டாரத்து மேட்டுத் தரிசுகளில், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அந்த ஆவாரையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது நம் பாட்டிமார் வாக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் 'ஆவிரை' என்ற பெயரில் இதுவும் இருக்கிறது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னால் பூளைப் பூ, வேப்பிலையுடன் சேர்த்து இதைக் காப்புக் கட்டுகிறார்கள். தெலுங்கர்களுக்கு இது 'தங்கேடு'. தெலங்கானா உதயமான 2014-லேயே அந்த மாநிலத்தின் மலராகிவிட்டது. மீஞ்சூரிலிருந்து ஆந்திர எல்லை ஒன்றும் தூரமில்லை. அங்கே கொண்டாடுகிறார்கள், இங்கே மிதித்துக்கொண்டு போகிறோம்!

பணம் சம்பாதித்துக் கொடுத்த செடியும் கூட. அந்நாளில் சென்னைத் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு ஆவாரம் பட்டைதான் உயிர். பிறகு குரோம் உப்பு வந்தது; அதன் பெயரால் சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டை என்று ஓர் ஊரே ஏற்பட்டது. ஆவாரை பழையபடி தரிசுக்குத் திரும்பியது.

வளர்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை. பழுப்பேறி உலர்ந்த காய்களிலிருந்து விதை எடுங்கள். விதையின் தோல் மிகவும் கெட்டி. ஆகையால் கொதித்து இறக்கிய வெந்நீரை விதையின் மேல் ஊற்றி, ஓர் இரவு அப்படியே ஊற விடுங்கள். மறுநாள் பருத்திருப்பவற்றைப் பொறுக்கி விதைக்கலாம். ஆணிவேர் ஆழமாக இறங்குகிற செடி. இடம் மாற்றினால் பிடிக்காது. எனவே நிற்க வேண்டிய இடத்திலேயே, ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால், குழிக்கு மூன்று விதையாக ஊன்றுவது உத்தமம். முளைத்த பின் நல்லதாக ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம்.

வெயில் முழுவதும் விழ வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. தாழ்வான மனையானால் மண்ணைக் கூட்டி மேடாக்கிக் கொள்ளுங்கள். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது ஒரு செம்பு தண்ணீர். அப்புறம் தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போனால், பூத்து ஓய்ந்த பிறகு கிளைகளை வெட்டி விடுங்கள். புதர் அடர்ந்து மறுபடி பூக்கும். வெட்டிய தழையையும் வீணாக்க வேண்டாம். களர் நிலத்தைத் திருத்த ஆவாரந் தழையை மிதித்துவிடுவது நம் உழவர்களின் பழைய பழக்கம்.

இலையில் புழு கண்டால் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதே புழுதான் சில நாளில் வெளிர் நிறப் பட்டாம்பூச்சியாகி உங்கள் வாசலிலேயே பறக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காகவே கருவண்டுகள் ரீங்காரமிட்டு வரும்.

பூவை நிழலில் உலர்த்திக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. சர்க்கரை வியாதிக்குச் சித்த வைத்தியத்தில் ஆவாரைக் குடிநீர் பிரசித்தம். ஆனால் அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கொள்வதானாலும் அவரைக் கேட்டே செய்யுங்கள்.

நிலத்தடி நீரை ஒரு நாளில் இனிப்பாக்க நம்மால் ஆகாது. ஆனால் இருக்கிற தண்ணீருக்குத் தகுந்த செடியை வைக்க ஆகும். வடக்கே போகிறவர்கள் நாலு காய் பறித்து முடிந்துகொண்டு வாருங்கள். விலையில்லாத விதை; வருஷா வருஷம் வாசலில் பொன் பூக்கும்.