தென் மண்டலத்துப் பெருமை

என் தகப்பனாருக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று, நெருப்பெரிச்சலில் மூன்று சென்ட் மனையில் கட்டிய ஓட்டு வீடு. மற்றொன்று, தென் மண்டலம். வீட்டுக்குப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. தென் மண்டலத்துக்குப் பத்திரம், 1973-ஆம் வருஷம் சேப்பாக்கத்தில் அவர் நேரில் பார்த்த ரஞ்சிக் கோப்பை இறுதிப் பந்தயம். "நான் பார்த்தவனாக்கும்" என்று அவர் ஆரம்பித்தால் எங்கள் தெருவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தப் பத்திரத்தை அடிக்கடி பிரித்துக் காட்டப்பட்டவர், தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கும் பாலக்காட்டுக்காரர். "நாயரே, உங்க ஊருக்காரங்கள நாங்க அந்தக் காலத்துல புள்ளி எடுக்கறதுக்குன்னே வெச்சிருந்தோம்" என்பார் தகப்பனார். நாயர் கிளாஸை அலசிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் இதை ஒப்புக்கொள்ள வெட்கப்படத்தான் வேண்டும்.

இளைய வாசகர்களுக்கு மண்டலம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரஞ்சிக் கோப்பை 1934-இல் தொடங்கியது. முதல் பந்தயமே தெற்கத்திக்காரர்களுக்குள் நடந்ததுதான். நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோத, ஒரே நாளில் ஆட்டம் முடிந்து சென்னை ஜெயித்தது. தேசத்தைத் திசைவாரியாகப் பங்கு போட்டு, அந்தந்தத் திசையில் ஜெயித்தவனை வெளியே அனுப்புவது வழக்கம். 1957-58 முதல் ஒவ்வொரு மண்டலத்திலும் எல்லோரும் எல்லோரோடும் ஆடிப் புள்ளிக் கணக்குப் பார்த்தார்கள். நம் மண்டலத்தில் சென்னை, மைசூர், ஹைதராபாத், ஆந்திரம், கேரளம். முதலில் வருகிறவன் ஒருவன்தான் வெளியே போகலாம். 1970-71-இலிருந்து இரண்டு பேர் போகலாம் என்றார்கள். 2002-இல் இந்த மண்டல ஏற்பாடே எடுபட்டுப் போயிற்று. என் தகப்பனார் மட்டும் அதை இன்னும் எடுக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஐந்து பேர் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், அவர்களில் யார் பெரியவன் என்று தெரியும். ஐந்து பேருமாகச் சேர்ந்து எவ்வளவு உயரம் என்று தெரியாது. தகப்பனார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவரே சொல்வதுண்டு: "நம்ம மேஜைல பாஸான பீசெல்லாம் பாஸ் ஆயிறாது கண்ணு. பெட்டி கப்பலேறிப் போயி, அங்க ஒருத்தன் பிரிச்சுப் பாக்கோணும்." ஆனால் தென் மண்டலத்தின் பெட்டியை வெளியே பிரித்துப் பார்த்தபோது என்ன கண்டார்கள் என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

கணக்கு அப்படி. 1958-59-லிருந்து 1972-73 வரை பதினைந்து வருஷம் தொடர்ந்து கோப்பையை எடுத்தது பம்பாய். அந்தப் பதினைந்து இறுதிப் பந்தயங்களில் எதிர்த்து நின்றவர்களை எண்ணினால், ராஜஸ்தான் மட்டுமே ஏழு தடவை. நம் மண்டலம் முழுவதுமாகச் சேர்ந்து நான்கு: 1959-60-இல் மைசூர், 1964-65-இல் ஹைதராபாத், 1967-68-இல் சென்னை, கடைசி வருஷம் தமிழ்நாடு. பிரசன்னாவும் சந்திரசேகரும் ஒரு பக்கம், வெங்கட்ராகவனும் வி.வி.குமாரும் ஒரு பக்கம், ஜெயசிம்ஹாவும் பட்டோடியும் இன்னொரு பக்கம் என்று இருந்த மண்டலத்துக்கு நான்குதானா?

தகப்பனாருக்கு இதற்குப் பதில் உண்டு. "ஒரு ஊட்ல மூணு பயில்வான் இருந்து, சந்தைக்கு ஒருத்தன்தான் போலாம்னா, வெளில இருக்கறவனுக்கு அது ஒத்தப் பயில்வான் ஊடு மாதிரித்தான் தெரியும்." இது வெறும் சால்ஜாப்பு அல்ல. மூன்று பேர் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டபின் மிஞ்சியவன் போகிறான். ராஜஸ்தானுக்கு அதன் மண்டலத்தில் அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. ஆகவே இறுதிக்கு எத்தனை தடவை வந்தார்கள் என்று எண்ணுவது மட்டும் மண்டலத்தை அளக்கிற சரியான படி ஆகாது.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தில் இதே வழக்கை இன்றும் ஆடுகிறார்கள். அங்கே கல்லூரிகள் கூட்டணி கூட்டணியாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடிவிட்டு, மார்ச் மாதத்தில் தேசியப் பந்தயத்துக்குப் போகும். ஆனால் அங்கே ஒரு கூட்டணியிலிருந்து பல பேர் போகலாம். 1985-இல் 'பிக் ஈஸ்ட்' என்ற கூட்டணியிலிருந்து போனவர்களில் மூன்று கல்லூரிகள் கடைசி நான்கில் நின்றன. அதில் வில்லனோவா என்ற கல்லூரி, கூட்டணிக்குள் இரண்டு தடவை தன்னைத் தோற்கடித்த ஜார்ஜ்டவுனையே இறுதியில் 66-64 என்று கவிழ்த்தது. வாசலை அகலத் திறந்தால்தான் வீட்டுக்குள் எத்தனை பயில்வான் என்று தெரிகிறது. வீட்டுக்குள் தோற்றவன் தெருவிலும் தோற்பான் என்ற நிச்சயமும் இல்லை.

இங்கேயும் வாசல் திறந்ததும் நிலைமை மாறியது. 1973-74-இல், அப்போதுதான் மைசூர் என்ற பெயரை மாற்றிக்கொண்டிருந்த கர்நாடகம், பெங்களூரில் அரையிறுதியில் பம்பாயை மடக்கியது. பதினைந்து வருஷத்துப் பூட்டு உடைந்தது. அந்த வருஷம் கோப்பையும் அவர்களுக்கே. காவிரித் தண்ணீர் விஷயத்தில் கர்நாடகத்தை ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசாத என் தகப்பனார், கம்பெனியில் எல்லோருக்கும் தம் செலவில் டீ வாங்கிக் கொடுத்தாராம். 1986-87-இல் ஹைதராபாத், அடுத்த வருஷம் ரயில்வேயை ஜெயித்துத் தமிழ்நாடு. 1995-96-இல் இறுதியில் நின்ற இருவருமே நம் மண்டலம்: கர்நாடகமும் தமிழ்நாடும். ஒரு மண்டலத்துக்கு இதைவிட மரியாதை ஏது? ஆனால் கர்நாடகம் ஜெயித்த அன்று தகப்பனாருக்குச் சோறு இறங்கவில்லை. மண்டலப் பெருமை என்பது, நாம் தோற்ற பிறகு பக்கத்து வீட்டுக்காரனிடம் வாங்குகிற கைமாற்று என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. பதினாறு வயதில் அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

இப்போது 2025-க்கு வருகிறேன். நாயரின் கேரளம், சரித்திரத்தில் முதல் தடவையாக ரஞ்சி இறுதிக்கு வந்தது. வந்த வழி விசித்திரமானது. முடிவு காணாத பந்தயத்தில் முதல் இன்னிங்ஸில் முந்தியவன் மேலே போவான் என்பது விதி. காலிறுதியில் ஜம்மு-காஷ்மீரைக் கேரளம் முந்தியது ஒரே ஒரு ரன்னில். அரையிறுதியில் குஜராத்தை முந்தியது இரண்டே ரன்னில். அதுவும் கிட்டத்தில் நின்ற ஃபீல்டரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறிய பந்தைப் பிடித்ததால்.

இறுதிப் பந்தயம் நாகபுரியில், விதர்பாவோடு. தகப்பனாருக்கு எழுபத்தைந்து வயது. முழங்கால் வலியால் கடைவரை போக முடியவில்லை. நாயரே மத்தியான வேளையில் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, கைபேசியோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார். கேரளம் முப்பத்தேழு ரன் பின்தங்கியது, ஆட்டம் முடிவு காணவில்லை, கோப்பை விதர்பாவுக்கு.

"பரவால்ல நாயரே, நம்ம சவுத் ஜோன் மானத்தக் காப்பாத்தீட்டீங்க" என்றார் தகப்பனார்.

நாயர் கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அண்ணா, புள்ளி எடுக்கறப்போ நாங்க கேரளம். இன்னிக்கு மட்டும் சவுத் ஜோனா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்னும் சுருக்கென்றது.

இதே நாகபுரியில், இதே விதர்பாவோடு, சில வாரத்துக்கு முன் காலிறுதியில் ஆடிய தமிழ்நாடு 198 ரன் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. ஒரே முழக்கோலால் இரண்டு பேரையும் அளந்தாயிற்று. நாயருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் அதை அவர் சொல்லவில்லை.

மறுநாள் மார்ச் 3-ஆம் தேதி பத்மாகர் சிவால்கர் காலமானார் என்று செய்தி வந்தது. 1973 இறுதியில் தமிழ்நாட்டைச் சுருட்டிய பம்பாய் சுழல்பந்துக்காரர்; முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு எட்டு விக்கெட், இரண்டாவதில் 18-க்கு ஐந்து. நம்மவர் சுழலுக்குத் தோதான மண்ணில் அவர் நம்மையே சுழற்றிவிட்டார். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆட வாய்க்காதவர்.

நாயர் சாயங்காலம் வந்தார். முந்தின நாள் பேச்சைத் துடைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தாரோ என்னவோ. "அண்ணா, நீங்க நேர்ல பார்த்த ஆளாச்சே. அந்தப் பதிமூணு விக்கெட்டும் எப்படி எடுத்தார், சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேட்டார். நான் நூறு தடவை கேட்ட கதை. தகப்பனார் தொண்டையைச் செருமினார். கதை வரவில்லை.

"நாயரே, அந்த மேட்ச் ரெண்டு நாளும் ஒரு பந்துந்தான் நடந்துச்சு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "முதலாளி லீவு குடுத்தது மூணா நாளுக்கு. ராத்திரி வண்டியேறிக் காலைல சென்ட்ரல்ல எறங்கிப் பேப்பர் வாங்கினா, ஒம்பது விக்கெட் போயிருச்சுன்னு போட்டிருக்கறான். ஒண்ணு பாக்கி இருக்குதுல்லொன்னு ஓடினேன். டிக்கெட் வாங்கி உள்ள போயி உக்கார்ந்தேன். ஒரு பந்து போட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க."

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறமென்ன, பொழுதுக்கும் பீச்சுல உக்கார்ந்திருந்துட்டு ராத்திரி வண்டி ஏறீட்டேன். மத்ததெல்லாம் பேப்பர்ல படிச்சதுதான்."

தமிழ்நாடு 80, பிறகு 61. நான் மனப்பாடமாக வைத்திருந்த அந்தக் கணக்கில், இருபத்துமூன்று வயது இளைஞன் ஒருவன் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்த பொழுது சேர்ந்தே இருக்கவில்லை. ஐம்பது வருஷம் அவர் தென் மண்டலத்தைத் தூக்கிப் பிடித்ததற்கு அந்தப் பொழுதுதான் காரணமோ என்னவோ.

நாயர் சிறிது யோசித்துவிட்டு, "நாங்க ஒரு ரன்னுலயும் ரெண்டு ரன்னுலயும்தான் இறுதிக்குப் போனோம் அண்ணா. ஒரு பந்துன்னா அது என்ன கம்மியா?" என்றார்.

இரண்டு வாரத்தில் முழங்கால் கொஞ்சம் தேவலை ஆகி, தகப்பனார் தடியூன்றிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். பெஞ்சில் யாரோ புதிதாகக் குடிவந்த பையன் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். கேரளத்தைப் பற்றி ஏதோ இளப்பமாகச் சொன்னான்.

"தம்பி, சும்மா பேசாத. நான் சேப்பாக்கத்துல பைனல் பார்த்தவனாக்கும்" என்று ஆரம்பித்த தகப்பனார், சட்டென்று நிறுத்தி, ஓரக்கண்ணால் நாயரைப் பார்த்தார்.

நாயர் தலை நிமிராமல் கிளாஸை அலசிக்கொண்டிருந்தார்.