நிர்மால்யம் சேருமிடம்

உக்கடம் பெரியகுளத்தை அடுத்த தெருவில், பழைய ஓட்டு வீடொன்றில் வாழும் அம்மையார் ஒருவர், விடியலில் பூசை அறையைத் துலக்கும்போது முந்தைய நாள் மலர்களைத் தனித் தட்டில் எடுத்து வைப்பார். இறைவனுக்குச் சாத்திக் களைந்த மலர் நிர்மால்யம் எனப்படும். அது கால்படும் இடத்தில் விழலாகாது என்பது அவருடைய தாயார் சொல்லித் தந்த பாடம்.

தாயார் காலத்தில் அதற்கு வழி இருந்தது. நொய்யல் நீர் வந்து நிறையும் பெரியகுளத்தில் விடுவார். அல்லது கிணற்றடி வாழைக்கு இடுவார். இன்று குளத்தில் பூவை விடுவது தகாது. அழுகும் மலர் நீரிலுள்ள உயிர்க்காற்றைக் குறைத்து மீன்களை வருத்தும். வீட்டுக் கிணறும் மூடப்பட்டுவிட்டது. ஆகவே, சில ஆண்டுகளாக நிர்மால்யமும் காய்கறித் தோலோடு குப்பை வண்டிக்கே சென்றது. ஒருநாள் அந்த வண்டியில், மீன் கழிவின்மேல் தாம் சாத்திய துளசி மாலை கிடப்பதை அம்மையார் கண்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, காலைல வரைக்கும் சாமி கழுத்துல கிடந்ததுங்க. அதையா வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்கு அனுப்பறது?" என்று கணவரிடம் வருந்தினார்.

"ஊரே அப்படித்தான அனுப்புது" என்றார் அவர். ஆயினும், மறுநாள் இரண்டு மண்தொட்டிகளை வாங்கி வந்து பொடக்காணி நிழலில் வைத்தவரும் அவரே. ஒன்று காய்கறித் தோலுக்கு. மற்றொன்று நிர்மால்யத்துக்கு மட்டும்.

தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இருந்தன. அடியில் தேங்காய் நார் பரப்பி, அதன்மேல் மலர்களை இட்டு மூடினார் அம்மையார். இரண்டாம் வாரமே நாற்றம் எழுந்தது, புழுவும் நெளிந்தது. சாமிப் பூவைப் புழுவுக்குக் கொடுத்தோமே என்று மனம் கலங்கி, தொட்டியைக் கவிழ்த்துவிடவும் துணிந்தார். அவ்வேளையில், கோயில் நந்தவனத்தில் வேலை செய்து பழகிய முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். "ஈரம் மிஞ்சிப் போச்சுங்கம்மா. ஒரு பங்கு பூவுக்கு ரெண்டு பங்கு சருகு போடுங்க. மூணு நாளைக்கு ஒருக்கா கிளறி விடுங்க" என்றார்.

முதியவர் சொன்னதே இக்கலையின் சாரம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர் வகுத்த 'இந்தூர் முறை'யும் இதையே கூறுகிறது: பசுமையும் சருகும் அடுக்கடுக்காக அமைய வேண்டும், ஈரமும் காற்றும் அளவோடு இருக்க வேண்டும். காற்று புகாத இடத்தில்தான் நாற்றம் பிறக்கும். கலவையைக் கையால் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. உலர்ந்து எறும்பு ஏறினால் சிறிது நீர் தெளிக்கலாம். புளித்த மோர் ஒரு கரண்டி விட்டால் மட்கும் வேலை விரைவுபடும். வாழைநாரில் தொடுத்த பூவை அப்படியே இடலாம். நைலான் நூலையும் சரிகைத் தாளையும் நீக்கிவிட வேண்டும். எண்ணெய்த் திரி, கற்பூரம், சமைத்த உணவு ஆகியவற்றைச் சேர்க்கலாகாது.

அம்மையார் அவ்வாறே செய்தார். நாற்றம் நின்றது. மூன்றாம் மாதத்தில் தொட்டி நிறையப் போட்ட மலர்கள் ஒரு படி அளவே ஆகி, கறுத்துப் பொலபொலவென்று உதிர்ந்தன. புதுமழை பெய்த மண்ணின் மணம் வந்தது. காய்கறி உரம் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் ஆயிற்று. நிர்மால்ய உரத்தை நந்தியாவட்டைக்கும் செம்பருத்திக்கும் மட்டுமே அவர் இடுகிறார்.

இப்போது அச்செடிகளில் பூத்தவையே நாள்தோறும் சுவாமிக்குச் சாத்தப்படுகின்றன; மறுநாள் அவையே தொட்டிக்குத் திரும்புகின்றன. இறைவனுக்கு அளிப்பதில் காட்டும் பக்தியை, அளித்ததைக் களையும்போதும் காட்ட முடியும். அதற்கு வேண்டுவது ஒரு மண்தொட்டியும், கைப்பிடிச் சருகும், சிறிது பொறுமையுமே.