சிறிய பற்றரி

நள்ளிரவில் அயல்வீட்டு முதியவருக்கு மூச்சுத் திணறிற்று. எமது ஹைபிரிட் காரோ அசையவில்லை. 200 வோல்ற்றுப் பெரிய பற்றரியில் மின்னிருந்தும் பயனில்லை. அதனை இணைத்துவிடும் கணினியையும் ரிலேயையும் இயக்குவது 12 வோல்ற்றுச் சிறு பற்றரியே. ஒரு கிழமையாகக் கதவுப்பூட்டு மந்தமானதைக் கண்டும் வாளாவிருந்தோம். முதியவர் முச்சக்கரவண்டியில் மருத்துவமனை சேர்ந்தார், நல்லவேளை!

மறுநாள் வந்த கராஜ் இளைஞர், பின்கதவும் மின்னாலேயே திறப்பதாதலின், பின்னிருக்கைக்கு மேலாகத் தவழ்ந்து சென்று எதிர்முனை வயரை முதலிற் கழற்றினார். மலிவான சாதாரண பற்றரி போதாதோ என்றோம்.

"இது ஆட்கள் இருக்கும் அறைக்குள்ளேயே இருப்பது, சுவாமி, வாயுவை வெளியேற்றும் குழாய் பூட்டக்கூடியதே வேண்டும்" என்றார். வாயடைத்தோம்.

புதியதைப் பூட்டிப் பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் எரிந்தன. அன்று மாலை முதியவரை நாமே வீட்டுக்கு அழைத்துவந்தோம்.